சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த பெயர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா சர்ச்சில் பூசைக்குப் போயிருந்தாள். சென்னையில் என் சமையலறையில் எலுமிச்சை மணக்கும் பச்சைத் திரவம் ஒன்று இருக்கிறது. ஊற்றினால் நுரை வரும், வேறொன்றும் வராது. திண்டிவனத்தை ஒட்டிய எங்கள் காலனியில், அம்மா வீட்டில், இன்னமும் வெந்நீர் அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும்தான். ஈரச் சாம்பல் வாசனை மூக்கில் ஏறியதும், கையிலிருந்த எவர்சில்வர் சொம்பின் கழுத்தை என் கட்டைவிரல் தானாகத் தடவ ஆரம்பித்தது. எதையோ தேடியது. என்ன தேடியது, கிடைத்ததா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் எழுந்து போய்விடாதீர்கள்.

அது சினிமாவில் நடித்த சொம்பு. சிரிக்க வேண்டாம், நிஜமாகத்தான். நான் இன்றைக்குத் தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கலைப் பிரிவில் வேலை செய்கிறேன். கதாநாயகி வீட்டு ஊஞ்சலிலிருந்து வில்லி வீட்டுப் பூஜாடி வரைக்கும் நான் பொறுக்கி வைத்ததுதான். அந்தப் பொறுக்குகிற வேலையில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அது எங்கே ஆரம்பித்தது என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்தச் சொம்பைத்தான்.

விழுப்புரத்தில் விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், படித்தேன். அது என்ன படிப்பு என்று எங்கள் வீட்டில் கடைசிவரை யாருக்கும் விளங்கவில்லை. "டிவி ரிப்பேரா?" என்று பெரியப்பா கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதன் பலனாக மூன்று வருடமும் காலனியில் யார் வீட்டு டிவி மக்கர் பண்ணினாலும் என்னைக் கூப்பிட்டார்கள். நானும் போய்ப் பின்னால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருவேன். சில டிவி ஓடவும் செய்தது.

கடைசி வருடம் குறும்படம் எடுத்தால்தான் தேர்ச்சி. எங்கள் குழுவில் சிவசங்கர் டைரக்டர். வளவனூர் பக்கம் நிலபுலன் உள்ள வீட்டுப் பையன். இர்ஃபானுக்கு கேமராவும் எடிட்டிங்கும். மகா நடிப்பு. எனக்கு ப்ராப்பர்ட்டி, அதாவது கதைக்கு வேண்டிய சாமான்களைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து வைக்கிற வேலை. மற்ற வேலைகளைப் பங்குபோட்டு முடித்த பிறகு மிச்சமிருந்தது அது. "உனக்குத்தான் பஸ்சுல சாமான் ஏத்த கூச்சமே கெடயாதே" என்றான் சிவா. பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கதை சின்னது. சண்டை போட்டுக்கொண்டு வேலைக்கு வெளியூர் போகிறாள் ஒரு பெண். படம் முழுக்க அம்மா அவளோடு பேசுவதில்லை. கடைசியில், வாசல் தாண்டும்போது, பின்னாலிருந்து ஒரு கை தண்ணீர்ச் சொம்பை நீட்டுகிறது. மகள் வாங்கிக் குடிக்கிறாள். அவ்வளவுதான் படம். அம்மாவின் முகம் கடைசிவரை காட்டப்படாது, கை மட்டும்தான். சிவாவின் அம்மா கையைக் கொடுக்க ஒப்புக்கொண்டார். அவர்கள் வீட்டிலேயே படப்பிடிப்பு.

சாமான் சேர்க்கப் போனபோதுதான் எனக்கு ஒரு உண்மை தெரிந்தது. நம் ஊரில் பேர் எழுதாத பொருளே கிடையாது. கட்டைப்பை கொண்டுவந்தால் அதில் நகைக்கடைப் பேர். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வந்தால் முள்ளுக்குப் பின்னால் தேர்தலில் நின்றவர் கும்பிடு போடுகிறார். பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் பந்தல்காரர் பேர், ஃபேனில் அரசாங்க முத்திரை, தலையணை உறையில்கூட எங்கோ நடந்த ஒரு கல்யாணத்தின் மணமக்கள் பேர். பாத்திரங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஐந்தாறு வீட்டில் இரவல் வாங்கிய தட்டு, குண்டான், தூக்கு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. எல்லாம் ஒரே வீட்டு அடுப்படியில் வரிசையாக நின்றால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? திருட்டுக் குடும்பம் என்றல்லவா நினைப்பான். ஆகவே என் வேலையில் பாதி, பேர்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பதாகிப் போனது. கட்டைப்பையை உள்வெளியாகத் திருப்பினேன். வேட்பாளர் முகத்தில் காலண்டர் அட்டையை வெட்டி ஒட்டினேன். பாவம், மறுபடி தோற்றார்.

கடைசி ஷாட்டுக்கான சொம்பு மட்டும் அமையவில்லை. சிவா வீட்டில் இருந்ததெல்லாம் புத்தம் புது எவர்சில்வர். ஒத்திகையில் கிட்டே வைத்துப் பார்த்தால் சொம்புக்குள் இர்ஃபான் கேமராவோடு வளைந்து நின்றான். "டேய், உள்ள இன்னா பண்ற?" என்று மகா கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பளபளப்புப் போனதாக, அதே சமயம் கனமாக, ஒரு ஆயுசு முழுக்கப் புழங்கியதாக ஒன்று வேண்டும். அன்று மாலை பஸ்ஸில் திண்டிவனம் திரும்பும்போது, ஜன்னலோரத்தில் கண்ணை மூடியதும் எங்கள் வீட்டுக் குடத்தின் மேல் கவிழ்த்திருக்கும் சொம்பு வந்து நின்றது. தினம் அதில்தான் தண்ணீர் குடிக்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். சாம்பலும் நாருமாகத் தேய்த்துத் தேய்த்து மழைக்கால வானம் மாதிரி மங்கிப்போன சொம்பு. வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், திருப்பி அடிக்காது.

அதற்கு ஒரு கதை உண்டு. அம்மா கல்யாணத்துக்கு முன்னால், திருவெண்ணெய்நல்லூர் பக்கம் நாற்று நட்டுச் சேர்த்த காசில் தானே கடைக்குப் போய் வாங்கியது. பேர் வெட்டுகிறவர், "யார் பேரு போடணும்? அப்பா பேரா, மாப்ள பேரா?" என்று கேட்டாராம். "ஏன், எனக்குப் பேரு இல்லியா?" என்று கேட்டிருக்கிறாள் அம்மா. முன்னால் இனிஷியல் இல்லை, பின்னால் புருஷன் இல்லை. அந்தோணியம்மா என்று புள்ளி புள்ளியாக, சொம்பின் கழுத்தில் பாதிச் சுற்றுக்கு ஓடும். கல்யாணமாகி வந்த புதிதில் இந்தச் சொம்பைப் பார்த்து இங்கே பெரிய பேச்சு ஆயிற்றாம். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பஸ் போர்டைக்கூட யாரையாவது கேட்டுத்தான் ஏறுவாள். ஆனால் இந்த ஒரு பேர் மட்டும் தெரியும். தினமும் விளக்கும்போது கட்டைவிரலால் புள்ளி புள்ளியாகத் தடவி, எது முதல், எது கடைசி என்று அவளாகப் பழகிக்கொண்டது. நான் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே எனக்கு 'அ' தெரிந்தது இந்தச் சொம்பில்தான். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டே சொம்பைத் தடவி விளையாடுவேனாம்.

சொம்பைக் கேட்டதும் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "படத்துல எம் பேரு வருமா?"

"வராதுமா. பேர மறைச்சிதான் வெப்போம்."

"அப்ப எதுக்கு என் சொம்பு? ஊர்ல வேற கெடைக்கலியா?" என்றாள். அப்புறம் புடவைத் துண்டில் சுற்றிக் கொடுத்தாள். "நெளிஞ்சி கிளிஞ்சி வந்துச்சி, நீ அந்த சினிமாவுலயே இருந்துக்க."

படப்பிடிப்பு நன்றாகவே நடந்தது. சிவா வீட்டில் எங்கள் எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள், பேப்பர் கப்பில். பேப்பர் கப் பெரிய வசதி. யாருக்கு எந்த டம்ளர் என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை, குடித்தோமா கசக்கிப் போட்டோமா என்று போய்விடலாம். எனக்கு அது புரியாமல் இல்லை. டீ நன்றாக இருந்தது, இரண்டு கப் குடித்தேன்.

சொம்பு மற்ற எல்லாவற்றுக்கும் ஒத்துவந்தாலும் பேரை மறைக்க மட்டும் இடம் கொடுக்கவில்லை. பாதிச் சுற்று ஓடுகிற பேரை எந்தப் பக்கம் திருப்பினாலும் 'அந்தோ'வோ 'ம்மா'வோ எட்டிப் பார்த்தது. கழுத்தை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக் குடி என்று மகாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒத்திகையில் அழகாகப் பிடித்தாள். ஷாட்டில் சிவாவின் அம்மா கை நீண்டது. மகா சொம்பை வாங்கினாள். என்ன நினைத்தாளோ, நிஜமாகவே அழ ஆரம்பித்துவிட்டாள். இரண்டு கையாலும் சொம்பை அடியில் ஏந்தி, அண்ணாந்து குடித்தாள். தண்ணீர் கழுத்தில் வழிந்தது. கட் சொல்லக்கூட சிவாவுக்குத் தோன்றவில்லை. எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம். பேரை யார் பார்த்தார்கள்?

இர்ஃபானின் லேப்டாப்பில் பார்த்தோம். எடிட் செய்த படத்தை வீட்டில் போட்டுக்காட்ட வேண்டும் என்று சிவா ஆசைப்பட்டதால், நாங்கள் எல்லோரும் அவன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். கடைசி ஷாட் வந்தது. மகாவின் கண், வழிகிற தண்ணீர், கன்னத்துக்குப் பக்கத்தில் திரை அகலத்துக்கு அந்தோணியம்மா. பின்னால் சுவரில் மகாலட்சுமி காலண்டர்.

சிவாவின் அப்பா நல்ல மனுஷர். மரியாதை தெரிந்தவர். கோபப்படவில்லை. என் பக்கம் திரும்பி, "தப்பா எடுத்துக்காதம்மா" என்றுதான் ஆரம்பித்தார். "நம்ம வூட்ல எடுத்த படம். நாளைக்கு சொந்தக்காரன் பார்ப்பான். யார் வூட்டு சொம்புலடா தண்ணி குடிக்கிறீங்கன்னு கேட்டான்னா நான் இன்னா பதில் சொல்றது? நம்ம சொம்பு இருக்குது. அதுல எடுத்துக்குங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று திண்டிவனம் வரைக்கும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டில் சொம்பு பழையபடி குடத்தின் மேல் கவிழ்ந்திருந்தது. அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அதில் மொண்டு குடித்தேன்.

மறுநாள் கல்லூரி லேபில் வைத்துக்கொண்டேன் கச்சேரியை. இர்ஃபான் சமாதானப் பிரியன். "எதுக்கு பேஜாரு? பேர மட்டும் ப்ளர் பண்ணிடறேன், முடிஞ்சிச்சி" என்றான்.

"டிவியில எதை ப்ளர் பண்றாங்க? சிகரெட்டு, சாராய பாட்டிலு. எங்கம்மா பேரு சிகரெட்டா?" என்றேன். கத்த வேண்டும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். பாதியில் குரல் உடைந்துபோனது. எனக்கே அவமானமாக இருந்தது.

சிவா தலையைப் பிடித்துக்கொண்டான். "எங்கப்பாவ நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு."

"கதையில அந்த அம்மாவுக்கு இன்னா பேரு வெச்ச?"

"பேரே வெக்கலியே. அம்மான்னுதான் எழுதினேன்."

"அப்ப அந்தோணியம்மான்னு வெச்சிக்க. அவங்க சொம்பு, அவங்க வூடு. மத்த பேரு எல்லாத்தையும் நான் செவுத்துப்பக்கம் திருப்பி வெச்சேன். இந்த ஒண்ணு திரும்ப மாட்டேன்னு சொல்லுது. நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு."

சிவாவுக்கு அப்பா பேச்சைத் தட்டத் துணிவில்லை. அவர்கள் வீட்டுப் பித்தளைச் சொம்பில் மறுபடி எடுப்பது என்று முடிவாயிற்று. வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்தது. ப்ராப்பர்ட்டி என் பொறுப்பு, அதைப் பாதியில் விடுவதாவது என்று போனேன். பையில் அம்மா சொம்பையும் எடுத்துக்கொண்டு போனேன். ஏன் என்று கேட்காதீர்கள். வீம்பு.

சிவாவின் அம்மா பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் துலக்கித் தங்கம் மாதிரி வைத்திருந்தார். அதுதான் வினையாகப் போயிற்று. கேமராவை வைத்ததும் சொம்புக்குள் மொத்த ஊரும் வந்து நின்றது. இர்ஃபான், ஸ்டாண்டு, சிவா, வெளிச்சத்துக்குக் குடை பிடித்திருந்த நான், வாசலில் கட்டியிருந்த கன்றுக்குட்டி. எல்லோருக்கும் நடுவில் வெள்ளை வேட்டியில், கையைக் கட்டிக்கொண்டு சிவாவின் அப்பா.

"அப்பா, சொம்புல நீங்க நிக்கிறீங்க. கொஞ்சம் தள்ளுங்க" என்றான் சிவா.

தள்ளினார். இந்தப் பக்கம் மறைந்து அந்தப் பக்கம் வந்தார். இன்னும் தள்ளினார். இன்னும் குண்டாக வந்தார். சொம்பின் மேல் முகப்பவுடர் தடவிப் பார்த்தோம். சொம்பு கல்யாணத்துக்குக் கிளம்பிய மாதிரி இருந்ததே தவிர வேறு பயனில்லை. மகாவுக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. நீட்டி நீட்டிக் கை வலித்த சிவாவின் அம்மா பொறுமையிழந்து, "அந்தப் பழைய சொம்புதான்பா கைக்கு அடக்கமா இருந்துச்சி" என்றார். சிவாவின் அப்பா கேமராத் திரையில் தன் உருவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "என்னமோ பண்ணுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கழனிப்பக்கம் போய்விட்டார்.

"பழைய ஷாட்டே இருக்கட்டும்" என்றான் சிவா.

நியாயத்துக்காக வைத்தானா, வெளிச்சத்துக்காக வைத்தானா என்று நான் இதுவரை கேட்டதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? நான் பொறுக்கிய சொம்பு நின்றது. பையிலிருந்த அம்மா சொம்பை இடுப்போடு அணைத்துக்கொண்டு அன்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்த நடை இருக்கிறதே, அப்படி ஒரு நடை அப்புறம் நான் நடக்கவில்லை.

படத்தைக் கல்லூரி ஹாலில் பெற்றோர்களுக்குப் போட்டுக்காட்டினார்கள். அம்மா கிறிஸ்துமஸ் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பேர் திரையில் வரும் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். படத்துக்கு முன்னால் ஓடிய பேர்களையெல்லாம் அவள் பூப்போட்ட துணியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். அவற்றில் ஒன்றும் அவளுக்கானது இல்லை. கதை ஓடியது. கை நீண்டது. ஆள் உயரத்துக்கு எழுத்து எழுத்தாகப் பேர் திரையில் வந்தது.

முதலில் அவள் கட்டைவிரல்தான் அசைந்தது. ஆள்காட்டி விரலின் மேல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெல்லத் தடவியது. அப்புறம் ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, "யேய்! அது எம் பேருடி!" என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ "உஷ்" என்றார்கள். அம்மாவுக்கு என்ன தோன்றியதோ எழுந்து நின்றுவிட்டாள். "நான்தாங்க அந்தோணியம்மா" என்றாள். பின்வரிசையில் பையன்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள், ஹால் மொத்தமும் தட்டியது. எனக்குக் கண்ணில் படம் கலங்கிப்போனது. ப்ளர் என்றால் அதுதான் ப்ளர்.

வெளியே வரும்போது சிவாவின் அம்மா எங்களிடம் வந்தார். "உங்க சொம்பாங்க? அத புடிச்சிக்கினு இருந்தது என் கைதாங்க" என்றார் கூச்சமாக.

"நல்லா புடிச்சிருந்தீங்க" என்றாள் அம்மா. தேர்ந்த டைரக்டர் மாதிரி.

பஸ்ஸில் ஏறிய பிறகு என்னைக் கேட்டாள். "உன் பேரு வரலியா?"

"வந்துச்சிமா. கடசீல. சின்னதா."

"எம் பேரு பெரிசு" என்று முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். திண்டிவனம் வரைக்கும் அந்தச் சிரிப்பு இறங்கவேயில்லை.

அந்தச் சொம்பைத் தவிர அதில் எதுவும் இன்று மிச்சமில்லை. இர்ஃபானின் ஹார்ட் டிஸ்க் ஒருநாள் கடகடவென்று சத்தம் போட்டுவிட்டுச் செத்துப்போனது. சிடியைப் போட ஒரு கம்ப்யூட்டரிலும் இடம் இல்லை, என்னிடம் இருந்த சிடியும் கீறல் விழுந்து கிடக்கிறது. சிவா வீட்டு முன்பக்கத்தை ரோடு எடுத்துக்கொண்டது. மகா நின்று தண்ணீர் குடித்த வாசல் இருந்த இடத்தில் இப்போது லாரிகள் போகின்றன. கல்லூரி ஹாலை இடித்து ஏசி அரங்கம் கட்டியிருக்கிறார்கள். என் கல்யாணத்துக்கு வந்த பாத்திரம் ஒன்றில்கூடப் பேர் இல்லை, எல்லாம் அட்டைப்பெட்டியில் வந்தது. இன்றைக்கு ஒரு வீட்டு அடுப்படியை செட் போட எனக்கு எதையும் சுவர்ப்பக்கம் திருப்ப வேண்டியதில்லை. வேலை சுலபம்தான். இருந்தாலும் பழக்கதோஷம், ஒவ்வொரு பாத்திரத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பேன்.

விரல் தேடியதைச் சொல்கிறேன் என்றேனே. தேடியது அந்தப் பேரைத்தான். கிடைக்கவில்லை. இத்தனை வருடச் சாம்பலும் நாரும் புள்ளிகளைத் தின்றுவிட்டிருந்தன. வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். கடைசியில் ஒரு 'மா' மட்டும் நிழல் மாதிரி தெரிந்தது.

பூசை முடிந்து அம்மா வந்தாள். "இன்னா அப்படிப் பாத்துக்கினு கீற?"

"பேரு தேஞ்சி போச்சிமா. டவுன்ல குடுத்துத் திரும்ப வெட்டிக்கினு வரட்டா?"

அம்மா சொம்பைக் கையிலிருந்து வாங்கினாள். "எதுக்கு? அதான் எல்லாரும் படிச்சிட்டாங்களே" என்று சொல்லிவிட்டு, குடத்தில் மொண்டு குடித்தாள்.